மோர் தா

ஓல்டன், சுவிஸ்
24.11.1985

கோண்டாவில் சந்தி தொடக்கம் தண்டவாளம் வரை கட்டியாளும் மகாராணி இராஜேஸ்வரி அம்மையாரின் சமூகத்துக்கு, பனிச்சீமையின் பாத்திரம் கழுவும் பேரரசர் தில்லைநாதன் அனுப்பும் ஓலை.

உடம்பு இருக்கிறது. மூக்கு மட்டும் போன கிழமை குளிரில் கழன்று விழுந்துவிட்டது. தேடி எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

எப்படிப்பட்ட ஆட்களோடு இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர். சுவிஸ்காரரோடு என்று நினைத்தீரோ? நான் இருக்கிற நாலுமாடிக் கட்டடம் முழுக்க இத்தாலிக்காரர். கூரைக்குக் கீழே ஒற்றை அறையில் நான் மட்டும் தமிழன். இரண்டாம் மாடியில் ரோக்கோ, தொழிற்சாலைச் சாப்பாட்டுச்சாலையில் எனக்கு மேலாள். அவர் மனைவி கொன்செத்தா. இருவரும் இத்தாலியின் தென்கோடியில், வெயிலும் வறுமையும் ஒரே பாயில் படுக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள்.

இவர்களில் இரண்டு பேர் "உப்பை எடு" என்று கதைத்தால், நம்மூரில் காணிச் சண்டை என்று நூறு பேர் கூடிவிடுவார்கள். கொன்செத்தா கை நிறையச் சாமானோடு வந்தால் வாய் திறக்க மாட்டா. சாமானை நிலத்தில் வைத்துவிட்டுத்தான் கதை தொடங்கும், ஏனென்றால் பாதிக் கதை கையில் இருக்கிறது. கோப்பி ஒன்று தருவினம். அதில் குருவி குளித்தால் குருவியின் முழங்கால்கூட நனையாது, குடித்தால் மூன்று நாளைக்கு இமை மூடாது. நம்முடைய அடுப்படிக் குசினியைத் திருடி "குச்சீனா" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம்விடப் பெரிய கூத்து, காலையில் மாடிப்படியில் என்னைக் கண்டால் கிழவரிலிருந்து குழந்தைவரை மலர்ந்த முகத்தோடு "சாவு!" என்கிறார்கள். முதல் கிழமை நடுங்கினேன். பிறகுதான் விளங்கியது, வணக்கமும் அதுதான், போய்வாறன் என்பதும் அதுதான். இப்போது நானும் திருப்பிச் "சாவு" என்று வாழ்த்துகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆசனத்தில் அமரவும்.

இவர்களுடைய கோயிலில் பழைய உடுப்புக் கொடுக்கிறார்கள் என்று போய் ஒரு கறுத்தக் கோட்டு எடுத்து வந்தேன். நானும் உம்முடைய அண்ணை குடும்பமும் கோழிக்கூட்டோடு குடியிருக்கலாம், அவ்வளவு பெரிசு. அதன் நெஞ்சுப் பக்கத்து மடிப்பில் கறுப்புச் சீலை சுற்றிய பொத்தான் ஒன்று தைத்திருந்தது. பொத்தான் தொலைந்தால் மாற்றிக்கொள்ள வைத்த உபரி என்று நினைத்தேன். அதோடு ஊர்கோலம் போனேன். கொன்செத்தா பொத்தானைக் கண்டா, நெஞ்சில் கைவைத்தா. என் அறைக்குள் வந்து சுவரில் இருக்கிற உம்முடைய படத்தைக் காட்டி, "மோல்யே?" என்றா. மனைவியா என்று அர்த்தம், அதெனக்குத் தெரியும். ஓம் என்பதற்கு அவர்களுடைய சொல்லும் தெரியும். "ஸீ" என்றேன். பிறகு பொத்தானைத் தொட்டு, கண்ணில் நீர் முட்ட, மெதுவாகக் கேட்டா:

"மோர் தா?"

மகாராணி, ஐயாயிரம் மைலுக்கு இப்பால் ஒரு வெள்ளைக்காரி கலப்பில்லாத தமிழில் என்னிடம் மோர் கேட்கிறா! என்னிடம் பால்கூட இல்லை. ஆனாலும் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிற பரம்பரையோ நாங்கள்? அதுக்கென்ன, தரலாமே என்று நம்முடைய பாணியில் தலையை இருபக்கமும் தாராளமாக ஆட்டினேன். கொன்செத்தா என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதா.

பின்னேரம் படியேறி வந்தன சட்டிகள். மக்கரோனி, இறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு குடம் சூப்பு. என்னை அடுப்பு மூட்டவே விடவில்லை. மறுநாள் வேலையில் ரோக்கோ, ஜெர்மனும் இத்தாலியனும் கையுமாக விளங்கப்படுத்தினார். அந்தப் பொத்தான் அவர்கள் ஊரில் வீட்டில் ஆள் செத்தால் ஒரு வருஷம் போடுகிறது. "மோர்தா" என்றால் செத்துவிட்டாளா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். நம்மைப் போலத்தான் அவர்களும்.

ஆகவே, நீர் காலமாகிவிட்டீர். சாப்பாடு பிரமாதம். திருத்திச் சொல்ல வாயைத் திறக்கிறபோதெல்லாம் அதற்குள் மக்கரோனியை வைத்துவிடுகிறார்கள். சட்டிகள் நின்றதும் உம்மை எழுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈடில்லாத் துயரத்தில் இரண்டு கிலோ கூடிய
தில்லைநாதன்

கோண்டாவில்
20.12.1985

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தை வழமைபோல அண்ணையின் பிள்ளைகள் "மாமா இந்தமுறை என்ன புளுகியிருக்கிறார்" என்று பறித்துக்கொண்டு போய்ச் சத்தமாக வாசித்தார்கள். மூக்குக்கும் குருவிக்கும் சிரித்தார்கள். மோர் தா என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கடுத்த பக்கத்தில் மூத்தவள் யசோதரா நிறுத்திவிட்டாள். "மாமி, மிச்சத்தை நீங்களே வாசியுங்கோ" என்று கையில் தந்துவிட்டு எழும்பிப் போனாள்.

பகிடி என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் என் காதுக்குள் "கழற்றேலாது, பூட்டாச்சு" என்று சொன்ன ஆள்தானே நீங்கள். ஆனாலும் உயிரோடு இருக்கிறவளுக்காகக் கொண்டுவந்த செத்தவீட்டுச் சாப்பாடு எந்த வயிற்றில் செரிக்கும்?

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. ஒரு வருஷத்தில் கூப்பிடுகிறேன் என்றீர்கள். பிள்ளையும் இல்லாமல், புருஷனும் பக்கத்தில் இல்லாமல், அண்ணை வீட்டு விறாந்தையில் ஒரு ஓரமாக இருக்கிறேன். அண்ணி கெட்டவ இல்லை. ஆனால் கறி பரிமாறும்போது "தில்லைநாதன் எப்ப கூப்பிடுறாராம்?" என்று கேட்காமல் அகப்பையைச் சரிக்கமாட்டா.

அந்த மனிசியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கோ. பாஷை இல்லாவிட்டால் என் படத்தைப் பார்த்துச் சிரியுங்கோ. செத்தவளின் படத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கமாட்டினம். விளங்கிக்கொள்ளுவா.

உங்கள்,
இராஜேஸ்வரி

ஓல்டன்
2.2.1986

மறைந்தும் மறையாத மகாராணிக்கு,

உமது ஆணை நிறைவேற்றப்பட்டது. கொன்செத்தா முன்னால் நின்று உம்முடைய படத்தைப் பார்த்து, பல் முப்பத்திரண்டும் தெரிய, கடவாய்ப் பல்லில் அடைத்த ஈயமும் தெரியச் சிரித்தேன். அவ தன் கணவனைக் கூப்பிட்டுச் சொன்னா. அதை யாழ்ப்பாணத்துக்கு மொழிபெயர்த்துத் தருகிறேன்: "பாருங்கோ ரோக்கோ, மனிசியை இப்பவும் உயிரோட பாக்கிற மாதிரிப் பாத்துச் சிரிக்குது இந்தப் பாவம். நான் செத்தா நீங்கள் இப்பிடிச் சிரிப்பியளோ?" அன்று இரண்டாம் மாடியில் பெரும் போர். மூன்று கோப்பைகள் வீரமரணம்.

என் சுவரில் இருந்த உம்முடைய படத்தை வாங்கிப்போய் ஒரு கடையில் பெரிதாக்கி, அவவுடைய தாய் தகப்பன் படங்களுக்கு நடுவில் வைத்து, முன்னால் ஒரு சிவப்பு மின்விளக்கும் போட்டிருக்கிறா. இரவும் பகலும் எரிகிறது. நீர் அங்கே வெகு எடுப்பாக இருக்கிறீர். எனக்கு நாவூறு பட்டிருக்கோ என்று தண்ணீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கிறா. நம்முடைய மிளகாயும் உப்பும் போல. இப்படிப்பட்ட ஆட்களிடம் போய், நான் உங்களை ஏமாற்றிச் சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாய் தைரியசாலி. ஆனால் நாக்கு கோழை.

இது இருக்கட்டும். இனி எழுதுவது பகிடி இல்லை. என் அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள். கோடைக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று கடிதம் வந்தது. அன்று முழுக்கப் பானையொன்றையே கழுவிக்கொண்டு நின்றேன். ரோக்கோ கண்டார். "என்ன?" என்றார். கடிதத்தைக் காட்டினேன். பானையைப் பிடுங்கி எறிந்தார், அது இன்னும் உருண்டுகொண்டிருக்கும். இப்போது அவரும், அவர்களுடைய பாதிரியாரும், கட்டடத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்து வைத்து, என்னை இங்கேயே விடச்சொல்லி ஒரு மனு எழுதுகிறார்கள். அனுமதி கிடைத்தால் ஒரு வருஷத்துக்குப் பிறகு நீர் வரலாம், இராஜேஸ்வரி. இதைப் புளுகு என்று பிள்ளைகளிடம் கொடுக்காதேயும்.

தில்லைநாதன்

கோண்டாவில்
15.3.1986

இஞ்சாருங்கோ,

கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. சட்டைக்குள் வைத்திருந்து கிணற்றடியில் வாசித்தேன்.

கோட்டையிலிருந்து ஆமிக்காரர் செல் அடிக்கிறார்கள். ஹெலி வந்தால் எல்லோரும் வளவுக்குள் வெட்டிய குழிக்குள் இறங்குகிறோம். அதற்குள்ளும் அண்ணிக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம். அண்ணைக்குத் தெரியாமல் என் பெட்டியை அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு கம்பளிச் சட்டை யசோதரா பின்னித் தந்தாள். வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வேர்த்து வழிந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. கொன்செத்தாவுக்கு என்ன கொண்டுவரலாம்? ஒடியல் மா பிடிக்குமோ? நான் வந்து நின்றால் முதலில் பயப்படுவா. பிறகு சிரிப்பா என்று நினைக்கிறேன்.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் சுற்றிவளைக்காமல் எழுதுங்கோ. அந்த மனுவில் என்னை என்னவென்று எழுதியிருக்கினம்?

உங்கள்,
இராஜேஸ்வரி

ஓல்டன்
10.6.1986

இராஜேஸ்வரி,

மகாராணி என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

மனு ஜெர்மனில் இருந்தது. நான் வாசிக்கவில்லை, கையெழுத்து வை என்றார்கள், வைத்தேன். பிறகுதான் தெரிந்தது. மனைவியை இழந்தவன், பிள்ளைகள் இல்லை, ஊரில் திரும்பிப் போக ஒருவரும் இல்லாத தனியன், எங்களோடு சேர்ந்து துக்கம் காக்கிறவன், இவனை அனுப்பாதேயுங்கோ. இரக்கத்தால் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு உண்மை.

வெளிநாட்டார் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ரோக்கோ கூட வந்தார், கல்யாண உடுப்பில். அதிகாரி வயதானவர், கெட்ட மனிதர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, முதல் விசாரணையில் மணமானவன் என்று சொல்லியிருக்கிறாய், மனுவில் இப்படி இருக்கிறதே, எது சரி என்று கேட்டார். எனக்கு விளங்கியது. ஆனால் விளங்காதவனைப்போல ரோக்கோவைப் பார்த்தேன். அவர் என் தோளில் கைபோட்டு, என் பொத்தானைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"மோர்தா, நோ?"

இந்தமுறை எனக்கு மோர் ஞாபகம் வரவில்லை.

கழுத்து ஆடியது. அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம், அப்படி ஓர் ஆட்டம். அதிகாரி எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். யன்னலுக்கு வெளியே ரயில்கள் போய்வந்துகொண்டிருந்தன. ஓல்டனில் எந்த ரயிலும் கொஞ்சநேரம் நிற்கும், பிறகு எங்கேயோ போய்விடும். எனக்கு விமானம் தெரிந்தது, கட்டுநாயக்கா விமானநிலையம் தெரிந்தது, அங்கே என் பெயரைக் கேட்டுவிட்டுக் கொண்டுபோகிறவர்கள் தெரிந்தார்கள். "ஸீ" என்றேன். கழுத்தின்மேல் பழிபோடலாம் என்று இவ்வளவு நேரமும் எழுதிப் பார்த்தேன். வாயும்தான் சொன்னது.

அனுமதி வந்துவிட்டது. அதில் "ஃபெர்வித்வெட்" என்று இருக்கிறது. நம்முடைய விதவை என்ற சொல்லைத்தான் இவர்களும் வைத்திருக்கிறார்கள். இங்கே ஆணுக்கும் பாவிக்கிறார்கள். ஒரு வருஷம் போனால் மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாமாம். யாரைக் கூப்பிடுகிறேன் என்று எழுதுவது?

கொன்செத்தா கேக் அடித்தா. கட்டடமே கொண்டாடியது. நான் சாப்பிட்டேன். எல்லோருக்கும் பகிடி காட்டினேன்.

தில்லைநாதன்

கோண்டாவில்
8.7.1986

இஞ்சாருங்கோ,

ஆணுக்கும் அந்தச் சொல் இருக்கிறதோ? நல்ல நாடு.

இஞ்சை சுமங்கலியாகப் போய்ச் சேர்வதைப் பாக்கியம் என்று சொல்லுகினம். எனக்கு அந்தப் பாக்கியத்தை நீங்கள் பேனாவாலேயே தந்துவிட்டீர்கள். பிறகு நான் காலையில் தலைமுழுகி நெற்றியில் வைக்கிற குங்குமம் யாருக்கு? நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, குழிக்குள் இறங்கச்சொல்லி அண்ணை கத்துமட்டும் நின்றேன்.

அண்ணி கட்டிலுக்குக் கீழே கூட்டப் போய்ப் பெட்டியைக் கண்டுவிட்டா. "எப்ப பயணம்?" என்று கேட்டா. "மாமா காசு அனுப்பினதும்" என்று யசோதரா எனக்காகப் பொய் சொன்னாள். நம்முடைய பரம்பரைப் புளுகு அவளுக்கும் வந்துவிட்டது.

நான் கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். போய்ச் சொல்லுங்கோ. என் மனிசி உயிரோடு இருக்கிறா, பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கோ. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். குழிக்குள் அண்ணிக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தை ஒதுக்கினால் இன்னொரு ஆள் இருக்கலாம். நீங்கள் மெலிந்த ஆள்தானே. செல் விழுகிற நேரம் இரண்டு புளுகு விடுங்கோ, பிள்ளைகள் பயப்படாதுகள்.

எனக்கு சுவிஸ் வேண்டாம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நீங்கள் ஒரு ஆளுக்காவது சொல்லவேண்டும்.

இராஜேஸ்வரி

ஓல்டன்
5.11.1986

இராஜேஸ்வரி,

நாலு மாதம் எழுதவில்லை. தபால் தொலைந்தது என்று ஒரு புளுகு எழுதி, கிழித்துவிட்டேன்.

இந்த மாதம் இரண்டாம் திகதி இத்தாலிக்காரருக்குச் செத்தவர்களின் நாள். செவ்வந்திப் பூவாகக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள். வேறெந்த நாளிலும் அந்தப் பூவை வீட்டுக்குள் விடமாட்டார்கள். நம்முடைய கல்யாண மாலையில் எத்தனை செவ்வந்தி! பின்னேரம் கொன்செத்தா மேசையில் செத்தவர்களுக்கென்று சோறும் பாணும் வைனும் வைத்தா. தாய்க்கு ஒரு கோப்பை, தகப்பனுக்கு ஒரு கோப்பை, உமக்கு ஒன்று. உமக்கு வைன் வேண்டாம், இந்துக்கள் குடிக்கமாட்டார்கள் என்று பால் ஊற்றி வைத்தா. அந்தப் பாலைப் பார்த்ததும் என்னால் ஏலாமல் போய்விட்டது.

எழும்பி நின்று கத்தினேன். "நோ மோர்தா! விவா! விவா!" சாகவில்லை, உயிரோடு இருக்கிறா. உம்முடைய கடிதத்தை எடுத்துக் காட்டினேன், தேதியைக் காட்டினேன். கொன்செத்தா ஓடிவந்து என் கன்னத்தைத் தடவினா. "ஓம், ஓம். எங்கட ஆக்களும் அப்பிடித்தான். ஆண்டவரிட்டை ஒருத்தரும் சாகிறேல்லை" என்று சொல்லி, உம்முடைய கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினா.

சொல்லிவிட்டேன், இராஜேஸ்வரி. நீர் சொன்னபடி ஒரு ஆளுக்குச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சத்தமாகச் சொன்னேன். அது செபமாகப் போய்விட்டது.

ரோக்கோவுக்கு மட்டும் விளங்கியது. கடித உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். படத்துக்குக் கீழே கொன்செத்தா எழுதி வைத்த அதே பெயர். என்னை வெளிமாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பாதிரியார் கையெழுத்து வைச்சவர்," என்றார். "என்ரை தம்பி இன்னும் ஒன்பது மாத அனுமதியிலதான் வந்து போறான். அவனும் வைச்சவன். நீ இப்ப போய் மாத்திச் சொன்னா, உன்னோட அவனுக்கும் கதவு பூட்டுப்படும்."

"அப்ப என்ரை மனிசி?"

ரோக்கோ வெளிமாடத்துக் கம்பியில் சாய்ந்தார். "நானும் அப்பிடித்தான் வந்தனான். குளிருக்குத் திருப்பி அனுப்புவாங்கள், வசந்தத்துக்குக் கூப்பிடுவாங்கள். மனிசியைக் கொண்டுவரேலாது. பதினொரு வருஷம் கொன்செத்தாவைக் கடிதத்திலதான் வைச்சிருந்தன். நீயும் வை."

உள்ளே கொன்செத்தா, அந்தக் கடிதம் யாருடையது என்று கேட்டா. ரோக்கோ என்னைப் பார்த்தார். "சொரெல்லா" என்றேன். அக்கா.

ரோக்கோவின் தம்பியைச் சாட்டாகச் சொல்கிறேன். அவன் இல்லாவிட்டாலும் நான் போய்ச் சொல்லியிருப்பேனோ தெரியாது. எனக்குக் குழி பயம், ஹெலி பயம். உம்மைப் போல நெஞ்சு இல்லை எனக்கு. இனிமேல் கடித உறையின் பின்பக்கத்தில் மட்டும் வேறு பெயர் எழுதும். உள்ளே நீராகவே எழுதும். கெஞ்சிக் கேட்கிறேன்.

தில்லைநாதன்

கோண்டாவில்
17.3.1987

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பதிலுக்கு இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். முதலில் பெற்றோல் இல்லை, தபால் இல்லை என்றார்கள். பிறகு உன்னை நீ என்று எழுதிப் பழகச் சில நாள் எடுத்தது. உறையில் ஒருத்தியும் உள்ளே இன்னொருத்தியும் இருக்க எனக்குத் தெரியாது, தம்பி. யாராவது ஒருத்திதான் இருக்கலாம்.

நீ பெண்சாதியை இழந்தவன், கவனமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. கோட்டில் அந்தப் பொத்தானின் நூல் தளர்ந்திருக்கும், கறுப்பு நூலால் இறுக்கித் தை. ஒரு வருஷத்தோடு கழற்றுவார்கள் என்று எழுதியிருந்தாய். உனக்குக் கழற்றுவது ஆகாது. கொன்செத்தாவுக்கு என் அன்பைச் சொல். மைத்துனிக்குப் பால் வைத்ததற்கு நன்றி சொல். அவள் பாலைவிடக் கோப்பியைத்தான் விரும்பினவள் என்றும் சொல்.

அவளுடைய பெட்டியைப் பிரித்தோம். கம்பளிச் சட்டை இரண்டையும் அவிழ்த்து, யசோதரா நூலை உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறாள். உன் பழைய கடிதங்களைப் பிள்ளைகள் வாசித்துச் சிரிக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். கடைசிக் கடிதங்களைக் கொடுக்கவில்லை.

காசு அனுப்பவேண்டாம். அண்ணை ஒரு மாடு வாங்கியிருக்கிறார். அதைப் பார்ப்பதும் தயிர் கடைவதும் என் வேலை. அண்ணியும் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கறியை ஒழுங்காகப் பரிமாறுகிறா. வெயில் தொடங்கிவிட்டது. குழிக்குள் நெருக்கம், தாகம். பிள்ளைகள் செம்பை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டபடி இருக்குதுகள்: "மாமி, மோர் தா. மோர் தா, மாமி."

இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இப்படிக்கு,
அக்கா